அஞ்சாங்கல்லில் தொடங்கிய கிரேக்க வரலாறு

(பத்தாம் வகுப்பு மாணவி)

“அக்கா, என்றைக்கோ செத்துப்போனவர்களின் பெயரை எல்லாம் நான் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?”

சென்ற ஏப்ரல் மாதத்தில் என் தம்பி கேட்ட கேள்வி இது. அவன் அப்போது எட்டாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் சமூக அறிவியலில் 38 மதிப்பெண் வாங்கியிருந்தான். ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டும். அந்தப் புத்தகத்தில் கிரேக்கம், ரோம் பற்றிய பாடம் வரும். அதை நானும் படித்தவள்தான். நடந்துகொண்டே உருப்போட்டு, தேர்வில் எழுதிவிட்டு, மறுநாளே மறந்துபோனேன்.

தையல் வேலை செய்யும் எங்கள் அம்மா, தம்பியை டியூஷனில் சேர்க்கலாம் என்று கட்டணம் விசாரித்து வந்தார். அன்று இரவு வெகுநேரம் கணக்கு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. “விடுமுறை முடியும்வரை நானே சொல்லித் தருகிறேன் அம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

முதல் நாள் புத்தகத்தை விரித்து வாசித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே தம்பி கொட்டாவி விட்டான். நான்காம் வகுப்பு படிக்கும் தங்கையோ திண்ணையில் அமர்ந்து ‘டக் டக்’ என்று அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். “சத்தம் போடாதே” என்று அதட்டப் போனவள் சட்டென்று நின்றேன். கிரேக்கப் பெண்கள் தரையில் அமர்ந்து கல் விளையாடும் படம் ஒன்றை எங்கள் பள்ளி நூலகத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. புத்தகத்தை மூடினேன். எங்கள் கிரேக்க வரலாறு அன்று திண்ணையில்தான் தொடங்கியது.

1. அஞ்சாங்கல்

தேவையான பொருள் ஐந்து கூழாங்கற்கள் மட்டுமே.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொல்லக்ஸ் என்ற கிரேக்க அறிஞர், தம் சொற்களஞ்சியத்தில் ‘பெண்டெலிதா’ என்ற ஒரு விளையாட்டை விளக்கியிருக்கிறார். ‘பெண்டே’ என்றால் ஐந்து, ‘லிதோஸ்’ என்றால் கல். ஐந்து கற்களை மேலே எறிந்து, கையைத் திருப்பிப் புறங்கையில் ஏந்த வேண்டும். கீழே விழுந்த கற்களை, புறங்கையில் உள்ளவை நழுவாதபடி விரல்களாலேயே பொறுக்க வேண்டும். இது பெரும்பாலும் பெண்களின் விளையாட்டு என்றும் அவர் குறித்துள்ளார்.

கற்களுக்குப் பதிலாக ஆட்டின் கணுக்கால் எலும்புகளை வைத்தும் ஆடியிருக்கிறார்கள். “கறிக்கடையில் கேட்டு வாங்கி வரட்டுமா?” என்று தம்பி ஆர்வத்தோடு எழுந்தான். அம்மா பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-ல் வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற நகரம் புதைந்து போனது. அங்கே கிடைத்த ஒரு சலவைக்கல் ஓவியத்தில் பெண்கள் இவ்வாறு எலும்பு விளையாடுகிறார்கள். வரைந்தவர் ஏதென்ஸைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அது இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கிரேக்க விதிப்படி ஆடியபோது வென்றது யார் தெரியுமா? எங்கள் தங்கைதான்! தம்பிக்கு ஒரு கல்கூடப் புறங்கையில் நிற்கவில்லை. தோற்ற ரோஷத்தில் கேட்டான், “நம்மிடமிருந்து அவர்கள் கற்றார்களா, அவர்களிடமிருந்து நாம் கற்றோமா?” நல்ல கேள்வி. ஆனால் இரண்டு விளையாட்டுகள் ஒன்றுபோல இருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்லிவிட முடியாது. கல்லும் கையும் எல்லா நாட்டிலும் உண்டல்லவா? சான்று இருந்தால்தான் வரலாறு என்று சொன்னேன். அவன் வரலாற்றில் கற்ற முதல் பாடம் அதுதான்.

2. நிழலால் பூமியை அளப்போம்

தேவையான பொருள்கள்: ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி, நூலில் கட்டிய கல், அளவுகோல், வடக்கே ஓர் உறவினர்!

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா நகரின் புகழ்பெற்ற நூலகத்துக்குத் தலைவராக இருந்தவர் எரட்டோஸ்தெனிஸ். ஆண்டில் ஒரு நாள் நண்பகலில், எகிப்தின் தெற்கேயுள்ள சையீன் நகரில் சூரியன் நேர் உச்சியில் நின்று நிழலே விழாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதே வேளையில் வடக்கே அலெக்ஸாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள தொலைவை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிடைக்கும். ஒரு குச்சியும் ஒரு கணக்கும் போதுமாயிருந்தது!

நம் திருவண்ணாமலையிலும் ஆண்டுக்கு இருமுறை நிழலில்லா நாள் வருகிறது. ஒன்று ஏப்ரல் 22-ஐ ஒட்டியும், மற்றொன்று ஆகஸ்டு 20-ஐ ஒட்டியும் வரும். அட்லசைப் புரட்டியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. எங்கள் மாமா வேலை பார்க்கும் நாகபுரி, திருவண்ணாமலைக்கு நேர் வடக்கே ஏறத்தாழ அதே தீர்க்கக் கோட்டில் இருக்கிறது! ஆகவே இரண்டு ஊர்களிலும் உச்சிப்பொழுது ஒரே நேரத்தில் வருகிறது.

மாமாவுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னோம். ஏப்ரலில் அந்த நாளில், பகல் 12 மணி 12 நிமிட அளவில், எங்கள் மொட்டை மாடியில் குச்சியை நட்டோம். நூலில் கட்டிய கல்லைத் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்தோம். நிழல் சுருங்கிச் சுருங்கி, குச்சியின் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. அதே நேரத்தில் நாகபுரியில் மாமா நட்ட குச்சியின் நிழல் 16 செ.மீ.

அதைத் தாளில் வரைந்து பாகைமானியால் அளந்தோம். கோணம் சுமார் 9 பாகை. முழு வட்டமாகிய 360 பாகையில் இது நாற்பதில் ஒரு பங்கு. அட்லசின்படி இரு ஊர்களுக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 990 கி.மீ. நாற்பதால் பெருக்கினோம்: 39,600 கி.மீ. பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. கணக்கு நோட்டை மூன்று முறை சரிபார்த்த தம்பி, “மாடியில் நின்றபடியே உலகத்தை அளந்துவிட்டேன்” என்று தெருவெங்கும் சொல்லி வந்தான். நானும் அவனைத் தடுக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: நிழலை மட்டுமே பார்க்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது.

3. மூன்று கிரிவலம் ஒரு மாரத்தான்

கி.மு. 490-ல் பாரசீகப் படை மாரத்தான் சமவெளியில் வந்து இறங்கியது. ஸ்பார்ட்டாவிடம் உதவி கேட்க ஏதென்ஸ் ஓர் ஓட்டக்காரனை அனுப்பியது. அவன் பெயர் பிடிப்பிடஸ். சுமார் 240 கி.மீ. தொலைவை ஓடி, மறுநாளே அவன் ஸ்பார்ட்டா சேர்ந்தான் என்று ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். இங்கிருந்து சென்னைக்குப் போவதைவிட அது அதிகத் தொலைவு!

ஸ்பார்ட்டாக்காரர்கள் உதவிக்கு வரச் சம்மதித்தார்கள். ஆனால் பௌர்ணமி வருமுன் புறப்படுவது தங்கள் வழக்கத்துக்கு மாறானது என்று காத்திருந்தார்கள். பௌர்ணமி கழிந்து அவர்கள் வந்து சேர்ந்தபோது போர் முடிந்து, ஏதென்ஸ் வென்றிருந்தது. பௌர்ணமிக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவா வேண்டும்?

மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடிவந்து, வெற்றிச் செய்தி சொல்லி உயிர்விட்ட வீரனின் கதை நாம் எல்லாரும் அறிந்தது. ஆனால் அது பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் எழுதியது. ஹெரோடோட்டஸ் நூலில் அது இல்லை. அந்தக் கதையை நினைவுகூர்ந்துதான் 1896-ல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் சேர்க்கப்பட்டது. இன்று அதன் தொலைவு 42.195 கி.மீ.

அது எவ்வளவு தூரம் என்று உணர்வது எப்படி? நம் கிரிவலப் பாதை 14 கி.மீ. மூன்று சுற்று சுற்றினால் 42! கூட்டமில்லாத ஒரு விடியற்காலையில் அப்பாவோடு தம்பியும் நானும் ஒரு சுற்று நடந்தோம். வீட்டுக்கு வந்து காலை நீட்டியவன், “இன்னும் இரண்டு சுற்றா! அதுவும் ஓட்டமாகவா!” என்றான். கி.மு. 490 என்ற ஆண்டை அதன் பிறகு அவனுக்கு நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

4. ஓட்டில் போட்ட ஓட்டு

தேவையான பொருள்கள்: உடைந்த மண்சட்டியின் ஓடுகள், கீறுவதற்கு ஓர் ஆணி, ஒரு பானை. ஓட்டின் கூர்விளிம்பைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிய பிறகே சிறுவர்களிடம் தர வேண்டும்.

மே மாதம் பெரியம்மா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் வந்து சேர, வீட்டில் மொத்தம் ஒன்பது பேர் ஆனோம். தெருவெல்லாம் திரிந்து, ஒரு கூடை ஓட்டாஞ்சில்லு பொறுக்கி வந்தவள் என் தங்கை.

ஓட்டாஞ்சில்லை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் துண்டுகள் அங்கே கிடைத்துள்ளன. கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் பாணியில் அமைந்த சாடிகளும் அவற்றில் உண்டு. நம் சங்க இலக்கியம் யவனர் என்று சொல்லும் மேலைக் கடல் வணிகர்களின் சரக்கு நம் கரைக்கு வந்ததற்கு அந்த ஓட்டுத் துண்டுகளே சாட்சி.

ஏதென்ஸில் ஓடுதான் வாக்குச்சீட்டு. ஒருவர் அளவுக்கு மீறிச் செல்வாக்குப் பெற்று நாட்டுக்கு ஆபத்தாவார் என்று மக்கள் அஞ்சினால், அவர் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடுகளாவது சேர்ந்தால்தான் அந்த வாக்கெடுப்பு செல்லும். அதிக ஓடுகள் பெற்றவர் பத்து ஆண்டுகள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். ஆனால் அவருடைய சொத்து பறிக்கப்படாது.

நேர்மைக்குப் பெயர்போன அரிஸ்டைடிஸ் கி.மு. 482-ல் இவ்வாறு வெளியேற்றப்பட்டார். அந்த வாக்கெடுப்பின்போது எழுதத் தெரியாத ஒருவர், பக்கத்தில் நிற்பவர் யாரென்று அறியாமல் அரிஸ்டைடிஸிடமே ஓட்டை நீட்டி, அரிஸ்டைடிஸின் பெயரை எழுதித் தரச் சொன்னாராம். அவர் என்ன தீங்கு செய்தார் என்று கேட்டதற்கு, ஒரு தீங்கும் இல்லை, எங்கு போனாலும் அவரை நேர்மையாளர் என்று புகழ்வதைக் கேட்டுச் சலித்துவிட்டது என்றாராம். அரிஸ்டைடிஸ் மறுமொழி சொல்லாமல் தம் பெயரையே எழுதிக் கொடுத்தார் என்பது புளூட்டார்க் சொல்லும் கதை.

நாங்களும் வாக்கெடுப்பு நடத்தினோம். அதிக ஓடு வாங்குபவர் அன்று முழுவதும் ஊஞ்சல் பக்கம் வரக் கூடாது! பானையைக் கவிழ்த்துப் பார்த்தபோது, ஐந்து ஓடுகளில் பெரியம்மா மகனின் பெயர் ஒரே கையெழுத்தில் இருந்தது. தம்பி முன்கூட்டியே எழுதி வைத்து, சிறுவர்களிடம் கொடுத்திருக்கிறான்! ஒரே சண்டை. நான் சிரித்துவிட்டு அவர்களுக்கு ஓர் உண்மையைச் சொன்னேன். ஏதென்ஸில் ஒரு கிணற்றில் தெமிஸ்டாக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் பொறித்த ஓடுகள் சுமார் 190 கிடைத்தன. அத்தனையையும் எழுதியவை பதினான்கு கைகளே என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவருக்கு எதிரானவர்கள் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள் போலும். “பார்த்தீர்களா, நான் சரித்திரப்படிதான் செய்தேன்” என்றான் தம்பி!

5. தங்கையின் கேள்வி

“சரி, இப்போது உண்மையான ஏதென்ஸ் சட்டப்படி ஆடுவோம்” என்றேன். அங்கே வயது வந்த ஆண் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு. முதலில் பெண் பிள்ளைகள் நான்கு பேரும் ஓட்டைக் கீழே வைத்தோம். மிஞ்சிய ஐந்து பையன்களில் இருவரை அடிமைகள் என்றும், ஒருவனை வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன் என்றும் விலக்கினேன். பானையருகே நின்றவர்கள் இரண்டே பேர்.

என் தங்கை மட்டும் தன் ஓட்டைக் கொடுக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “இத்தனை ஓட்டையும் பொறுக்கி வந்தது நான்தானே? எனக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று கேட்டாள். கண்களில் நீர் தளும்பிவிட்டது. விளையாட்டுத்தானே என்று தேற்றினோம். கேட்கவில்லை.

அவளைச் சமாதானப்படுத்த, “நம் ஊர் முறையில் ஆடலாம், வா” என்று குடவோலையைத் தொடங்கினேன். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் அந்த முறையைக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. ஏதென்ஸிலும் 500 பேர் கொண்ட ஆட்சிமன்றத்தைக் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்கள், ஒரே யோசனை!

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “இந்தக் குடத்தில் என் பெயர் உண்டா?” நான் தகுதிகளைச் சொன்னேன். சொந்த நிலமும் மனையும் வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினேன். இதிலும் அவள் பெயர் இல்லை. ஓட்டைப் பொறுக்குகிறவர்கள், குடம் வனைகிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள் யாருடைய பெயரும் இல்லை.

‘ஏதென்ஸ் மக்களாட்சியின் தொட்டில்’ என்று சென்ற ஆண்டு தேர்வில் எழுதி நான் முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தத் தொட்டிலில் யாரைப் போட்டார்கள், யாரை வெளியே விட்டார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒன்பது வயதுக் குழந்தை கேட்டுவிட்டாள்.

அன்று மாலை அவளுக்குச் சில ஆண்டுகளைச் சொன்னேன். சென்னை மாகாணத்தில் 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அதுவும் சொத்துள்ளவர்களுக்கு மட்டும். பிறகு விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், 1951-52-ல், வயது வந்த ஆண் பெண் அனைவரும் வாக்களிக்கலாம் என்றாயிற்று. கிரேக்க நாட்டுப் பெண்கள் முழு வாக்குரிமை பெற்றது 1952-ல். அரிஸ்டைடிஸ் காலத்திலிருந்து எண்ணினால் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல்! தங்கை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “எனக்கு இன்னும் ஒன்பது வருஷம்தானே?” என்றாள்.

சொல்லித்தர விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

முதலில் விளையாட வேண்டும், பிறகுதான் பாடம் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் இதை மாற்றிச் செய்து தோற்றேன். ஒரு நாளுக்கு ஒரு விளையாட்டு போதும்.

எது சான்றுள்ள செய்தி, எது பிற்காலக் கதை என்பதை அவ்வப்போது பிரித்துச் சொல்ல வேண்டும். கதையைச் சொல்லலாம், ஆனால் கதை என்றே சொல்ல வேண்டும்.

காசு செலவழிக்கத் தேவையில்லை. எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, மாமாவோடு பேசிய தொலைபேசிச் செலவுதான்!

விளையாட்டு முடிந்ததும், “இதில் யார் சேர்க்கப்படவில்லை?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். எந்த நாட்டு வரலாற்றுக்கும் அது பொருந்தும்.

முடிவாக

தம்பி காலாண்டுத் தேர்வில் சமூக அறிவியலில் 67 வாங்கினான். ஏதென்ஸ் மக்களாட்சி பற்றிய விடையின் கடைசியில், ‘பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கில்லை. இது என் தங்கைக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தான். இரண்டாவது வாக்கியத்தை ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தார். டியூஷன் பேச்சை அம்மா மறுபடி எடுக்கவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் கல் இருக்கும், கொல்லையில் உடைந்த ஓடு இருக்கும், மாடியில் வெயில் இருக்கும். தம்பி தங்கையரும் இருப்பார்கள். வருகிற விடுமுறையில் முயன்று பாருங்கள்!

என் தங்கை தன் பெயர் கீறிய அந்த ஓட்டை இன்னும் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.